கண்ணை மூடச் சொன்ன ஊர்

மழை வந்தால் ஒப்பாரி வைத்தும் வெயில் கொளுத்தினால் பொங்கல் வைத்தும் பழகிப்போன ஊர் பனிச்சமுனை. உப்பு விளைகிற ஊர்களின் நியாயம் அப்படி. மற்ற ஊர்க்காரர்கள் கும்பிடுகிற மேகத்தை அங்கே வைவார்கள். அந்த ஊரில் ஒரு பங்குனி மாதத்து விடியற்காலையில், உப்பளத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன லோடு வண்டி ஓடைக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்து, எட்டுப் பெண்கள் அடுக்கிவைத்த மூட்டைகளைப்போல ஒருத்திமேல் ஒருத்தியாகச் செத்துக் கிடக்க, எல்லோருக்கும் அடியில், எல்லோருடைய கனத்தையும் வாங்கிக்கொண்டு, சந்தனமாரி மட்டும் மூச்சோடு கிடந்தாள். கிரேன் வந்து வண்டியைத் தூக்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அதுவரைக்கும் உப்புத் தண்ணீரில் ஊறிய அத்தனை முகங்களும் அவள் முகத்தின்மேல் அழுந்திக் கிடந்தன. கருமாதி எல்லாம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், அவள் நெற்றியோரத்தில் தோல் வெடித்து, பூண்டுச் சருகைப்போல மெல்லிசாகக் கிளம்பி, நாடிவரைக்கும் ஒரே வீச்சில் கழன்று விழுந்தது. அடியில் இருந்தது பொன்மாடத்தியின் முகம்.

பொன்மாடத்தி செத்த எட்டுப் பேரில் ஒருத்தி. அவள் புருஷன் தவசிலிங்கத்துக்கு ஆள் போய்ச் சொன்னபோது அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். குடித்து முடித்து, கையைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். பனிச்சமுனையில் யாரும் எதற்கும் கஞ்சியைப் பாதியில் விட்டு எழுந்ததில்லை.

முகம் எல்லாம் பொன்மாடத்திதான். மூக்குத்தி போட்டுப் புண்ணாகித் தூர்ந்த ஓட்டை, மேலுதட்டு மச்சம், எல்லாம். ஆனால் கண்கள் மட்டும் சந்தனமாரியின் செம்பட்டைக் கண்களாகவே இருந்தன. தவசிலிங்கம் எதிரே குத்தவைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"ஏம்மா சந்தனம், கொஞ்சம் கண்ண மூடிக்கிடுதியா? முழி மட்டும் ஒட்டல பாத்துக்க."

அவள் மூடிக்கொண்டாள். அவன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஆடு இரண்டு குட்டி போட்டிருப்பதையும், சின்னவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுவதையும், கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருப்பதையும் வரிசையாகச் சொல்லிவிட்டு எழுந்து போனான். ஊரில் கண்ணை மூடச் சொல்கிற வழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

சில நாளில் பொன்மாடத்தியின் காதோரத்திலும் தோல் கிளம்பி, அடியில் வேறொரு முகத்தின் ஓரம் தெரிந்தது. காரணம் சொல்வதற்கு ஆள் பஞ்சம் இருக்கவில்லை. கோயில் பூசாரி இது மாடன் வேலை என்றார். வேதக்கோயில் உபதேசியார், மோட்சத்துக்குப் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நிற்கிற ஆத்துமாக்கள் வழி கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார். டவுன் டாக்டர் நீளமான ஒரு பெயரைச் சொல்லி அதற்கு ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார். களிம்பு நன்றாக மணந்தது. ஆறுமுகம் உள்ள சாமி நமக்கு இருக்கிறதே என்று ஒருவர் நினைவூட்ட, அந்த ஆறும் ஒரே நேரத்தில் ஒரே ஆளின் முகம், இது ஒன்றன்பின் ஒன்றாய் வேறு வேறு ஆளின் முகம், இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று இன்னொருவர் திருத்தினார். இப்படித் திருத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களால் ஒரு உபகாரமும் இல்லை, ஆனால் சொன்னது சரி.

ஊர்க் கமிட்டித் தலைவர் வைகுண்டம் அண்ணாச்சி காரணத்தை விட்டுவிட்டு காரியத்தைப் பார்த்தார். சந்தனமாரி அடுப்படிக்குப் போகக்கூடாது, அனல் முகத்தைத் தாக்கும். வெயிலில் இறங்கக்கூடாது. எந்த வீட்டு முகம் வந்திருக்கிறதோ அந்த வீட்டார் சோறு கொண்டுவர வேண்டும். பார்க்க ஆள் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள். சந்தனமாரியை யாரும் கேட்கவில்லை. அவளும் அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்ததால், கூட்டத்தில் இருந்தது பொன்மாடத்தி என்றே எல்லோரும் நினைத்திருக்கலாம்.

சந்தனமாரியின் புருஷன் மந்திரமூர்த்தி நல்லவன், ஆனால் கூச்சக்காரன். "அடுத்தவன் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டு வீட்டுல எப்படிப் படுக்க?" என்று சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். அவர்களுக்குப் பேச்சி என்று நாலு வயதில் ஒரு பெண். உறவுமுறை தப்பாமல் கூப்பிடச் சொல்லி வளர்த்த பிள்ளை. அது வாசலில் நின்று, "மாடத்தி அத்தை, எங்கம்மா எப்ப வருவா?" என்று கேட்டது.

"நான்தாண்டி உங்கம்மா."

"சரி அத்தை" என்றது பேச்சி, மரியாதையாக.

ஒரு முகம் வந்தால் அதன் அடியில் இன்னொன்று இருக்கும் என்று ஊருக்குத் தெரிந்தபிறகுதான் தொல்லை தொடங்கியது. மற்ற வீட்டாருக்கும் அவரவர் ஆள் வேண்டியிருந்தது. செல்வக்கிளி என்று ஒருத்தி, அவளும் செத்தவள். அவளுடைய அண்ணன் ஒருநாள் இரண்டு கையிலும் கல் உப்பை அள்ளிக்கொண்டு வந்து, சந்தனமாரியின் தலையைப் பிடித்துச் சாய்த்து, கன்னத்தில் பரபரவென்று தேய்த்தான். அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அந்த ஊரில் கண்ணேறுக்கு உப்பு, மீனுக்கு உப்பு, பல்வலிக்கு உப்பு, குத்துவிளக்கு விளக்க உப்பு, பொய் சொன்னவனைச் சத்தியம் செய்யச் சொல்லிக் கையில் வைப்பதும் உப்பு. உப்பால் போகாத அழுக்கு ஒன்று உலகத்தில் உண்டென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இல்லை. ஆனால் சந்தனமாரியின் தோல் பிறவியிலேயே ரோஷமுள்ள தோல். மஞ்சள் பூசினால் தடிக்கும், புதுச்சேலை பட்டால் சிவக்கும், சந்தனம் இட்டால்கூட அரிக்கும். பேர் வைத்தவர்களுக்கு அது தெரியாது. இடது கன்னம் பிய்ந்து ரத்தம் ஓடியது. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் அமலோற்பவம்.

"ஏல, நீ என்ன மீனா கழுவுத?" என்று கேட்டு, அவன் கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

அமலோற்பவம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, மணப்பெண் அலங்காரம் என்று எழுதிய ஒரு தட்டி. தவக்காலத்தில் வேதக்கார வீடுகளில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் பார்லரில் வேலை கிடையாது. சும்மா எதற்கு இருக்க வேண்டும் என்று அவள் மகள் ஜெசிந்தா அந்தப் பங்குனியில் உப்பளத்துக்குப் போனாள். பத்தொன்பது வயது. எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. அதனால் ஊரில் மற்ற வீட்டார் எதற்காகக் காத்திருந்தார்களோ அதற்காகத்தான் அமலோற்பவமும் காத்திருந்தாள், ஒரே மகளைப் பெற்றவள் எப்படிக் காத்திருப்பாளோ அப்படி. ஆனால் அவளுக்குக் கையில் பழக்கம் இருந்தது. தோல் என்பது அவசரப்படுத்தினால் பழிவாங்குகிற சாதி என்று தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அவள்தான் உரித்தாள். கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைந்த தண்ணீரில் பழைய மல்துணியை நனைத்து முகத்தில் போடுவாள். தோல் தானாக ஊறி இளகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பிறகு மோதிரவிரலின் நுனியால் மட்டும், நெற்றியில் தொடங்கி வட்டம் வட்டமாக, கோலம் கலையாமல் நடப்பதுபோல உரிப்பாள். ஏன் மோதிரவிரல் என்றால் கையிலேயே அதுதான் சோம்பேறி விரல், அழுத்தத் தெரியாது. ஒரு இடம் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுவாள். எந்த எண்ணெயானாலும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தொட்டு, மறுநாள்வரை பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு. ஒரு முகம் கழன்றால் அடுத்ததற்கு ஒரு மாதம் கையே வைக்கமாட்டாள்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் யோசனை சொல்வார்கள்.

"யக்கா, கடலமாவு போட்டா?"

"அது வடைக்கு."

"பாசிப்பயறு?"

"அது கஞ்சிக்கு."

"எலுமிச்சம்பழம்?"

"அது வண்டிச் சக்கரத்துக்கு" என்றாள் அமலோற்பவம். அந்த லோடு வண்டியின் நாலு சக்கரத்துக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியிருந்தார்கள்.

செல்வக்கிளி வந்தாள், இடது கன்னத்தில் அண்ணன் தேய்த்த தழும்போடு. அவளுக்கு அடியில் வந்தவளுக்கும் அதே தழும்பு. அதற்கு அடியில் வந்தவளுக்கும். உயிரோடிருந்தபோது தழும்பில்லாத பெண்கள் செத்தபிறகு ஒரே மாதிரித் தழும்பு வாங்கிக்கொண்டு, ஒரு வயிற்றில் பிறந்தவர்களைப்போல வரிசையாக வந்தார்கள். வைகாசி போனது, ஆனி போனது, ஆடிக்காற்று உப்பு அம்பாரங்களின்மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போனது. பேச்சி ஒவ்வொரு முகத்தையும் அத்தை, சித்தி, மதினி என்று முறை தவறாமல் கூப்பிட்டது. வீட்டார் வந்தார்கள், கண்ணை மூடச் சொன்னார்கள், பார்த்தார்கள், வீட்டுச் சேதி சொன்னார்கள். நாலைந்து நாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். சோற்றுத் தூக்கு மட்டும் யார் கையிலாவது வந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டால், "பாத்தாச்சுல்லா" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அமலோற்பவத்துக்கு இது நன்றிகெட்டதனமாகப் பட்டது. இத்தனை பாடுபட்டு உரித்துக் கொடுக்கிறோம், நாலு நாள் பார்த்ததும் சலித்துப்போகிறதே என்று நினைத்தாள். அவள் மட்டும் ஒருநாளும் சந்தனமாரியைக் கண்ணை மூடச் சொன்னதில்லை. வேலை செய்யும்போது கண் திறந்திருந்தால்தான் எங்கே எரிகிறது என்று தெரியும் என்பாள்.

ஏழாவதாக வந்தது ஆவுடை ஆச்சி. கிழவி, நாதியில்லை. அவள் முகத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. முகத்தில் இருந்த சுருக்கத்துக்குள் ஈரத்துணி போக மாட்டாமல் அமலோற்பவம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஊர் பார்க்க வேண்டிய முகங்களை எல்லாம் பார்த்துவிட்டிருந்ததால், வைகுண்டம் அண்ணாச்சி பெரிய மனதோடு, "பாவம், அந்தப் பிள்ளைக்கு இனி ரெஸ்ட் குடுங்க" என்று சொல்லிவிட்டார். இரக்கத்துக்கும் ஒரு நேரம் காலம் உண்டு. நமக்கு வேண்டியது கிடைத்தபிறகு அது நன்றாக விளையும்.

மிச்சம் இருந்தது ஜெசிந்தா.

"அவ என் மடியிலதான்க்கா இருந்தா" என்று சந்தனமாரி ஒருநாள் சொன்னாள். "வண்டியில இடமில்ல. வாடீன்னு நான்தான் இழுத்து உக்கார வச்சேன். கவுந்தப்ப கெட்டிப் பிடிச்சுக்கிட்டா. அதான் அவ கடைசி. ஒட்டுனவ கடைசியாத்தான் வருவா."

அமலோற்பவம் ஆவுடை ஆச்சியின் காதுக்குப் பின்னால் மோதிரவிரலை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தாள். ஆயிரம் முகம் பார்த்த விரல். அது அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னது. இந்தத் தோல் இன்னும் ஒரே ஒரு உரிப்பைத் தாங்கும். தொடாமல் ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டால், அடியில் சந்தனமாரியின் சொந்த முகம் சதை பிடித்து மேலே வரும். மேலே இருக்கிற கிழவியும் குமரியும் பொடுகுபோலத் துகள் துகளாக உதிர்ந்து, தலையணையிலும் சேலையிலும் ஒட்டி, பெருக்கித் தள்ளப்பட்டுப் போவார்கள். ஜெசிந்தா ஒரு முகமாக யாருக்கும் தெரியமாட்டாள். விடாமல் இப்போதே உரித்தால் ஜெசிந்தா முழுசாக வருவாள். அதற்கு அடியில் அப்புறம் வருவதற்கு ஒன்றும் இருக்காது.

"மழை முடியுறவரை தொடக்கூடாது" என்றாள்.

"அப்ப ஜெசி?"

"அவ போயிருவா."

"பாக்க மாட்டியளா?"

"பெத்தவளுக்கு முகம் தெரியாதா? தனியாப் பாக்க என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு, துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அமலோற்பவம் வீட்டுக்குப் போனாள். நல்ல மனுஷி. அன்றைக்கு அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

மறுநாள் வந்தாள். "வறண்டு கிடக்கும். சும்மா ஈரத்துணி மட்டும்" என்றாள். ஈரத்துணி மட்டும்தான் போட்டாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஓரத்தில் ஒரு பொருக்கு தூக்கிக்கொண்டு நின்றது. அது துணியில் மாட்டி இழுத்துவிடக்கூடாதே என்று மோதிரவிரலால் அதை மட்டும் எடுத்தாள். அடுத்த நாள் பக்கத்துப் பொருக்கை. அவள் உப்பைத் தொடவில்லை, மாவைத் தொடவில்லை, நகம் படவில்லை, தண்ணீரின் சூடு ஒருநாளும் கூடவில்லை. இத்தனை மாதமாக ஊருக்குச் சொல்லிக்கொடுத்த மென்மையில் ஒரு நூல் குறையவில்லை. ஒரு மாதம் விட்டுத் தொட வேண்டியதை ஒவ்வொரு நாளும் தொட்டாள், அவ்வளவுதான். முரட்டுக் கையைத் தட்டிவிட ஆள் வருவார்கள். மெதுவான கையை யார் தட்டுவார்கள்? ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்திகள் எல்லாம் வரப்புத் தெரியாமல் மூழ்கி, வேலையில்லாத ஊர் வீட்டுக்குள் சுருண்டு கிடந்தது.

"இன்னைக்கும் ஈரத்துணியாக்கா?"

"ஆமாட்டி."

"சரி."

ஆவுடை ஆச்சியின் வாயிலிருந்து வருகிற சந்தனமாரியின் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது. ஃபேன் போட்டால் காற்று குத்துகிறது என்றாள். முடி கன்னத்தில் விழுந்தால் அறுக்கிறது என்றாள். பேச்சி முத்தம் கொடுக்க வந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தாள். பேச்சி வற்புறுத்தவில்லை, ஆச்சிகளுக்கு முத்தம் பிடிக்காது என்று அதற்குத் தெரியும்.

"எரியுதுக்கா."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் அமலோற்பவம், அவள் கண்ணைப் பார்க்காமல்.

"என் மூஞ்சி வருமாக்கா?"

"வரும்."

"எப்ப?"

"வரும்னு சொல்லுதேன்லா."

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், ஆவுடை ஆச்சி நெற்றியிலிருந்து நாடிவரை, ஒரு சுருக்கம் கிழியாமல், முட்டைக்குள் இருக்கும் சவ்வைப்போல அமலோற்பவத்தின் விரலோடு கழன்று வந்தாள். அத்தனை வருஷத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக அவள் எதையும் எடுத்ததில்லை. அடியில் ஜெசிந்தா இருந்தாள். சின்ன நெற்றி, ஒட்டினாற்போன்ற புருவம், அம்மா எத்தனை தடவை சொல்லியும் கிள்ளி வைத்த பருவின் குழி. இடது கன்னத்துத் தழும்பு மட்டும் அவளுடையது இல்லை. தோல் எவ்வளவு மெல்லிசாக இருந்தது என்றால், உள்ளே ஓடுகிற நரம்பு பச்சையாகத் தெரிந்தது. அமலோற்பவம் விட்ட மூச்சு பட்டு அந்தக் கன்னம் நெளிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்துட்டியளாக்கா?" என்றது ஜெசிந்தாவின் வாய். செம்பட்டைக் கண்கள் இரண்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றில் கோபம் இல்லை. ஆனால் அவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். முதல்நாள் ஈரத்துணியிலிருந்து அவற்றுக்குத் தெரியும். அந்தக் கண்கள் இருக்கும்வரை அது தன் மகள் இல்லை என்று அமலோற்பவத்துக்குப் பட்டது.

"கொஞ்சம் கண்ண மூடிக்கிடு" என்றாள்.

சந்தனமாரி அவள் முகத்தை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

கண் மூடியதும் ஜெசிந்தா முழுசாக வந்துவிட்டாள். ஓடைக்கரையில், தார்ப்பாய்மேல், எட்டுப் பேரில் கடைசியாகக் கிடத்தி, அடையாளம் சொல்லச் சொல்லி மூடுதுணியை விலக்கிக் காட்டினார்களே, அந்த ஜெசிந்தா. அதே இறுகின உதடு. இமையோரத்தில் அதே உப்பு. இந்த முகத்தை அமலோற்பவம் ஏற்கெனவே பார்த்திருந்தாள். மற்ற வீட்டாரும் அவரவர் முகத்தை இப்படித்தான் இரண்டாந்தரம் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், பாத்தாச்சு என்று எழுந்து போயிருக்கிறார்கள். ஒருவராவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் தான் கேட்டிருப்போமா என்பதும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"எம்மா, கண்ணத் தொற."

"வேண்டாம்க்கா."

"தொறட்டி. சொல்லுதேன்லா."

"வெளிச்சம் எரியுது. இப்பிடியே இருந்துக்கிடுதேன்" என்றது அந்த முகம், உதட்டை அதிகம் அசைக்காமல். "நீங்க போங்க. பாத்தாச்சுல்லா."

அமலோற்பவம் மோதிரவிரலை அவள் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தொடுவதற்கு முன்னாலேயே சூடு வந்து விரலில் முட்டியது. அவள் தொடவில்லை.

வாசலில் பேச்சி மழையில் நனைந்த காலைச் சாக்கில் துடைத்துவிட்டு உள்ளே வந்தது. கட்டிலருகே நின்று, எக்கிப் பார்த்து, யாரென்று தெரிந்துகொண்டு, சத்தம் போடக்கூடாதென்று குரலைத் தாழ்த்தியது.

"ஜெசி அக்கா தூங்குறாளா, பெரிம்மா?"

"ம்."

பேச்சி விரலை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தது. மாடத்தி அத்தை வந்தாயிற்று, கிளிச் சித்தி வந்தாயிற்று, ஆச்சிகூட வந்து போயாயிற்று.

"அப்ப அடுத்தது எங்கம்மாதான்" என்று சொல்லிவிட்டு, கட்டில்கால் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.